நீர் நிறைந்தும் அணையாத நெருப்பு

1906ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி, பொழுது புலருமுன் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரைப் பூகம்பம் உலுக்கியபோது, நகருக்குத் தெற்கே, நிலம் பிளந்த கோட்டுக்கு வெகு சமீபத்திலிருந்து நகருக்கு நீர் தேக்கிய கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் அணை யாதொரு சேதமுமின்றி நின்றது. ஆயினும் நகரம் மூன்று நாட்கள் எரிந்தது. வலென்சியா தெருவைப் போல் சதுப்பைத் தூர்த்து மனை போட்ட இடங்களில் மண் இளகி நகர, அதனோடு பிரதான நீர்க்குழாய்களும் முறிந்தன. நகரெங்கும் அத்தகைய உடைப்புகள் சுமார் 300. வீடுகளுக்குப் பிரியும் சிறு இணைப்புகளில் நேர்ந்தவையோ 23,000-க்கும் மேல். என் மனம் இந்த இரண்டாவது தொகையிடமே மீண்டும் மீண்டும் செல்கிறது; ஏனெனில் இடிந்த வீடுகள்தோறும் யார் கண்ணிலும் படாமல் ஒழுகிய அந்நீரும் சேர்ந்தே தீயணைப்போரின் குழாய்களை வறளச் செய்தது.

இத்தகைய விபத்தை முன்கூட்டியே கணினியில் நிகழ்த்திப் பார்க்கும் சாஸ்திரம் இன்று உண்டு. நிலம் எவ்வளவு வேகமாக அதிரும், எங்கே நிரந்தரமாக நகரும், குழாய் வார்ப்பிரும்பா, வளைந்து கொடுக்கும் பாலிஎதிலீனா என்பவற்றைக் கொண்டு, கிலோமீட்டருக்கு இத்தனை உடைப்பு என்று அனுமானித்து, எந்த இடம் உடையும் என்பதைப் பகடை உருட்டுவதுபோல் பலமுறை மாற்றி மாற்றிக் கணக்கிடுகிறார்கள். சாதாரண நீரியல் கணக்கோ ஒவ்வொரு வீட்டுக்கும் வேண்டிய நீர் கிடைத்தே தீரும் என்று கொள்வதால், உடைந்த குழாய் வலையமைப்பில் இயற்கைக்கு ஒவ்வாத எதிர்மறை அழுத்தங்களைக் காட்டும். அத்தகைய இடங்களுக்கு நீர் எட்டாது என்று தெளிந்து அவற்றை நீக்கி மறுபடியும் கணக்கிடும் முறையைக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஓரூர்க்கும் சகாக்களும் உருவாக்கினர். எந்த அடைப்பானை மூடினால் எந்தப் பேட்டை பிழைக்கும் என்பது அப்போதுதான் புலப்படுகிறது.

முன்யோசனை கணக்கில் மட்டுமன்றிக் களத்திலும் உதவியதுண்டு. 1989 அக்டோபர் 17 அன்று லோமா பிரீட்டா பூகம்பத்தில், அதே ஸான் பிரான்ஸிஸ்கோவில் கடலோரத்தைத் தூர்த்து எழுப்பிய மரீனா பேட்டையில் தீ மூண்டது. அங்கே நகரின் குடிநீர்க் குழாய்கள் சிதைந்திருந்தன. 1906-இன் துயரத்துக்குப் பின் தீயணைப்புக்கென்றே அமைத்த உயர் அழுத்தக் குழாய்த் தொகுதியும், அப்பேட்டைக்கு வெகு தூரத்தில் நேர்ந்த உடைப்புகளின் வழியே தன் தொட்டி நீரை இழந்திருந்தது. ஆனால் அதுவும் ஒருநாள் கைவிடக்கூடும் என்றெண்ணித் தீயணைப்புத் துறையினர் எடுத்துச் செல்லத்தக்க பெருங்குழாய்களைச் சேகரித்து வைத்திருந்தனர். அவற்றைத் தெருக்களில் விரித்து, ஃபீனிக்ஸ் என்னும் தீயணைப்புப் படகு வளைகுடாவிலிருந்து இறைத்துக் கொடுத்த உப்புநீரால், பரவவிருந்த நெருப்பை அன்றிரவே அடக்கினார்கள்.