பெயர் மறந்தாலும் பூசை மறவாத ஊர்
சீனச் சிற்றூர் ஒன்றில் நான்கு கரத்து அன்னை

செதியன் என்பது அவ்வூரின் பெயர். சீன நாட்டின் தென்கிழக்குக் கடற்கரையில், சுவான்சௌ மாநகருக்கு அருகே, ஜின்ஜியாங் வட்டாரத்தில் அமைந்துள்ள சிற்றூர் அது. குடியிருப்புகளுக்கு நடுவே சிறியதொரு மண்டபம் அங்கு உண்டு. வெளியிலிருந்து காண்போர்க்குச் சீன நாட்டு ஊர்களில் ஆயிரக்கணக்கில் காணப்படும் வழிபாட்டிடங்களுள் அதுவும் ஒன்றாகவே தோன்றும். உள்ளே நுழைந்து கருவறையை நோக்குவோர் மட்டும் ஒரு கணம் திகைத்து நிற்பர்.

அங்கே எழுந்தருளியிருக்கும் கல் திருமேனி சீன மரபைச் சேர்ந்ததன்று. அன்னை கால் மடித்து அமர்ந்திருக்கிறாள். திருக்கரங்கள் நான்கு. இருபுறமும் பணிப்பெண்கள் நிற்க, திருவடியின் கீழே அசுரன் ஒருவன் வீழ்ந்து கிடக்கிறான். திருமுகத்திலோ சாந்தமான புன்முறுவல். தமிழகத்துக் கோயில் ஒன்றின் கோட்டத்தில் இத்திருமேனியைக் கண்டால் எவரும் வியப்படைய மாட்டார்கள். ஆனால், இங்கு அன்னைக்கு ஊதுவத்தி ஏற்றுவோர் சீனக் கிராமத்து மக்கள். அவர்கள் இவளை வழங்கும் பெயர் குவான் யின். கருணையே வடிவான தெய்வம்.

ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ் வணிகர் சமூகம் எடுப்பித்த கோயிலொன்றிலிருந்து எஞ்சிய திருமேனி இது என்பது ஆய்வாளர் கருத்து. துர்க்கை என்பாரும், காளி என்பாரும், பார்வதியின் வடிவம் என்பாரும் உளர். பெயர் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். ஊராரின் வழிபாடு அவ்விவாதத்துக்காகக் காத்திருக்கவில்லை.

செல்லும் வழி

சியாமென் நகரிலிருந்து சுவான்சௌவுக்கு அதிவிரைவு இரயிலில் அரை மணி நேரப் பயணம். இப்பகுதி ஃபூஜியான் மாநிலத்தைச் சேர்ந்தது. மலேசிய, சிங்கப்பூர் மக்கள் 'ஹொக்கியேன்' என்று வழங்குவது இம்மாநிலத்தின் பெயரையே. ஆகவே, பினாங்கிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ செல்லும் பயணிக்கு இவ்வட்டாரம் முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. சந்தையில் செவியில் விழும் பேச்சு, பினாங்குத் தெருக்களில் கேட்ட பேச்சாகவே இருக்கும். போப்பியாவும் மீசுவாவும் சிப்பி முட்டைப் பொரியலும் இங்கிருந்து புறப்பட்டு மலாயா வந்தவையே.

செங்கல் சுவர்களும், தகைவிலான் குருவியின் வால் போல இருமுனையும் மேலெழுந்த கூரை முகடுகளும் கொண்ட பழைய வீடுகள் இன்னும் சில ஊர்களில் எஞ்சியுள்ளன. ஆற்று முகத்துவாரத்தில் உள்ள சுன்பு என்னும் மீனவர் ஊரில் சிப்பி ஓடுகளைச் சுவரில் பதித்துக் கட்டிய வீடுகளைக் காணலாம். அவ்வூர்ப் பெண்கள் கொண்டையைச் சுற்றி மலர்ச் சரம் சூடும் வழக்கம் உடையவர்கள். திருவிழா நாளில் தமிழ்ப் பெண்கள் மல்லிகை சூடி நிற்பதைக் கண்டு பழகிய கண்களுக்கு அக்காட்சி உவகை அளிக்கும்.

ஜின்ஜியாங் வட்டாரம் இன்று காலணித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. வயல்கள் குறைந்து தொழிற்சாலைகளும் அடுக்குமாடிகளும் பெருகிவிட்டன. இத்தனை மாற்றங்களுக்கு நடுவிலும் செதியன் ஊரார் தம் சிறு மண்டபத்தை விட்டுவிடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

கல்யாண முருங்கைத் துறைமுகம்

பத்தாம் நூற்றாண்டுக்குப் பின் பல நாட்டு வணிகர் கூடிய பெருந்துறைமுகமாகச் சுவான்சௌ விளங்கியது. 1087ஆம் ஆண்டில் சோங் பேரரசு இங்குக் கடல் வணிக அலுவலகம் ஒன்றை நிறுவிற்று. நகரெங்கும் நடப்பட்டிருந்த மரத்தின் பெயரால் இவ்வூரைச் 'சித்தோங்' என்றும் வழங்கினர். அதுவே அராபியர் நாவில் 'சைத்தூன்' ஆயிற்று. மார்க்கோ போலோவும் அப்பெயராலேயே இந்நகரைக் குறிக்கிறார். சித்தோங் என்பது தமிழர் கல்யாண முருங்கை என்று அழைக்கும் செந்நிறப் பூ மரமே ஆகும். திருமணப் பந்தலில் அதன் கொம்பை நட்டு வழிபடும் மரபுடைய வணிகர்கள், கடல் கடந்து வந்து இறங்கிய கரையிலும் அதே மரம் பூத்து நிற்கக் கண்டிருப்பர்.

சோழ மன்னர்களின் தூதுக் குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோங் அரசவையை அடைந்தன. சுமத்ராவின் பாரூஸ் பகுதியில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரின் செயலைக் கூறுகிறது. நாகப்பட்டினத்துக்கும் சுவான்சௌவுக்கும் இடையிலான கடல்வழியில் கடாரமும் ஒரு தங்குதுறை. அவ்வழியின் கிழக்கு எல்லையில் வணிகர்கள் பண்டகசாலையோடு நின்றுவிடவில்லை, கோயிலும் எடுத்தனர்.

சித்திரைத் திங்களில் ஒரு பிரதிட்டை

அக்கோயிலுக்குச் சான்று 1956ஆம் ஆண்டில் சுவான்சௌவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டாகும். அரனுக்கு வணக்கம் கூறித் தொடங்கும் அது, சீன எழுத்தில் ஒரு வரியோடு முடிகிறது. சக ஆண்டு 1203, சித்திரைத் திங்கள், சித்திரை நட்சத்திர நாள் என்று காலம் குறிக்கப்பட்டுள்ளது. அது கி.பி. 1281ஆம் ஆண்டு, குப்லாய் கானின் ஆட்சிக்காலம். சித்திரா பௌர்ணமியை ஒட்டிய புனித நாளில், தமிழகத்துக்கு வெகு தொலைவில், சிவபெருமான் எழுந்தருளச் செய்யப்பட்டிருக்கிறார்.

எழுந்தருளச் செய்தவர் தவச்சக்கரவர்த்திகள் என்னும் பட்டம் உடைய சம்பந்தப் பெருமாள். கானின் ஆணைப்படி, கானுடைய திருமேனி நலம் பெறும் பொருட்டு இப்பிரதிட்டை நிகழ்ந்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. இறைவன் திருப்பெயரைத் திருக்கானீச்சரம் உடையார் என்று முதலில் படித்தனர். ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா அதனைத் திருக்கதலீச்சரம் என்று திருத்திப் படித்தார். வந்து குடியேறிய நாட்டின் அரசனுக்காகத் தம் கடவுளிடம் வேண்டிக்கொள்ளும் பண்பு, கடல் கடந்து வாழும் தமிழரிடம் அன்றே இருந்தது என்பதற்கு இக்கல் சான்று பகர்கிறது.

கோயில் சிதைந்த கதை

அச்சிவாலயம் நெடுங்காலம் நிலைக்கவில்லை. யுவான் ஆட்சியின் இறுதியில், 1357 முதல் 1366 வரை, சுவான்சௌவில் பெருங்கலகம் நீடித்தது. அயல்நாட்டவர் பலர் மாண்டனர், எஞ்சியோர் சிதறினர். அடுத்து வந்த மிங் அரசு தனியார் கடல் வணிகத்தைத் தடை செய்தது. கப்பல்கள் வரவில்லை; அர்ச்சகர்களும் வரவில்லை. வணங்குவோர் இல்லாத கோயிலின் கற்கள் வேறு கட்டடங்களுக்குச் சென்றன. நகர மதில்களிலும் அவை புகுந்தன.

இருபதாம் நூற்றாண்டில் அம்மதில்கள் இடிக்கப்பட்டபோது கற்கள் மீண்டும் வெளிப்பட்டன. உள்ளூர்ப் பள்ளி ஆசிரியரான வூ வென்லியாங் அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்து, 1957ஆம் ஆண்டில் நூலாகவும் வெளியிட்டார். இன்று சுவான்சௌ கடல்சார் அருங்காட்சியகத்தில் அக்கற்களைக் காணலாம். யானை ஒன்று சிவலிங்கத்தை வழிபடும் சிற்பத்தின் முன் நிற்கும் பக்தர்க்குத் திருவானைக்காவின் தலபுராணம் நினைவுக்கு வராமல் இராது.

686ஆம் ஆண்டில் தோன்றிய கையுவான் பௌத்த ஆலயத்திலும் இத்தகைய வியப்பு காத்திருக்கிறது. பெருமண்டபத்தின் பின்புறத்தில் இரண்டு கற்றூண்கள் நிற்கின்றன. அவற்றின் வட்டச் சிற்பங்களில் நரசிம்மர் இரணியனை மடியிலிட்டுக் கிழிக்கிறார், கண்ணன் காளிங்கன்மேல் நடமிடுகிறான், கஜேந்திரன் காக்கப்படுகிறான். மிங் காலத் திருப்பணியின்போது இத்தூண்கள் இங்குக் கொணரப்பட்டன என்பர். 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த சுவான்சௌவின் 22 இடங்களுள் கையுவான் ஆலயமும் அடங்கும்.

அருங்காட்சியகத்தில் உள்ள கற்களைக் கண்ணாடி வழியே காணலாம். கையுவான் தூண்களை நிமிர்ந்து நோக்கலாம். அவற்றுக்குப் பூசை இல்லை. செதியன் ஊர் அன்னைக்கோ இன்றும் தூபமும் கனியும் படைக்கப்படுகின்றன. இங்குதான் அச்சிற்றூரின் பெருமை விளங்குகிறது.

குவான் யின் என்னும் பெயர்

செதியன் ஊரார் வழிவழியாகச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் மண்டபம் அழிந்ததாம். ஊர் மக்கள் இடிபாடுகளைத் தோண்டி, திருமேனியைக் கண்டெடுத்து, அவளால் ஊருக்கு நன்மை விளையும் என்று நம்பி மீண்டும் மண்டபம் எழுப்பினராம். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆகமம் தெரியாது, நான்கு கரங்கள் எதற்கு என்பதும் தெரியாது. புதையுண்ட தெய்வத்தை மண்ணில் விட்டுவிடலாகாது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

அவர்கள் இட்ட பெயரும் தமிழ் மண்ணுக்கு முழுவதும் தொலைவானதன்று. குவான் யின் என்பது அவலோகிதேசுவரர் என்னும் போதிசத்துவரின் சீன வடிவம். அவர் உறையும் மலையின் பெயர் போதலகம். ஏழாம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீனத் துறவி சுவான்சாங், அம்மலை தென்னாட்டில் மலய மலைக்கு அருகில் உள்ளது என்று குறித்துள்ளார். அது அகத்திய முனிவரின் பொதிகை மலையே என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அவ்வாறாயின், தென்னாட்டு மலையிலிருந்து புறப்பட்ட பெயர் ஒன்று, தென்னாட்டுக் கடலிலிருந்து வந்த திருமேனியை ஒரு சீனச் சிற்றூரில் சந்தித்திருக்கிறது எனலாம்.

ஜின்ஜியாங் வட்டாரத்திலேயே சாவோ ஆன் என்னும் சிறு கோயில் உண்டு. அங்குள்ள சிலை 1339ஆம் ஆண்டில் செதுக்கப்பட்ட மானி என்னும் பாரசீக ஞானியின் உருவம். ஊரார் அதனைப் புத்தராகவே வணங்கி வந்தனர். அவ்வுருவமும் அழியாமல் தப்பியது.

பயணி உணர வேண்டியது

செதியன் செல்லும் இந்து பக்தர்க்கு, "இவள் எங்கள் அம்மன்" என்று உரைக்கத் தோன்றுவது இயல்பே. அவ்வுணர்ச்சியில் பிழையில்லை. எனினும், எழுநூறு ஆண்டுகளுள் பெரும்பகுதியில் அவளுக்கு விளக்கேற்றியவர் எவர் என்பதையும் அப்போது எண்ணிப் பார்த்தல் வேண்டும். எடுப்பித்தவர்களின் வழித்தோன்றல்கள் அங்கு இல்லை. காத்தவர்கள் அயலார். பெயரைத் திருத்தச் செல்வதைவிட, அவர்களோடு நின்று கைகூப்பி மீள்வதே அன்னைக்கும் அவ்வூரார்க்கும் செய்யும் மரியாதையாகும். அது சுற்றுலாத் தலமன்று. ஒரு கிராமத்தின் வழிபாட்டிடம். குரலைத் தாழ்த்தி, அனுமதி பெற்றுப் படம் எடுத்தல் நன்று.

இத்தகைய அண்டை அன்பைக் காணச் சீனம் வரை செல்ல வேண்டுவதுமில்லை. சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் 1870ஆம் ஆண்டில் தோன்றிய ஸ்ரீ கிருஷ்ணன் ஆலயமும், 1884ஆம் ஆண்டில் எழுந்த குவான் இம் ஆலயமும் அருகருகே உள்ளன. குவான் இம் அம்மனை வணங்கிய சீனப் பெருமக்கள் ஊதுவத்தியோடு கண்ணன் சன்னிதிக்கு முன்பும் நின்று தொழுவது அன்றாடக் காட்சி. பினாங்குத் தைப்பூசத்தில் இரத பவனியின்போது தேங்காய் உடைப்போருள் சீனர் எத்தனை பேர் என்பதை அவ்வூரார் அறிவர். அவர்களுள் பலருடைய முன்னோர் கப்பலேறிய ஊர்கள் செதியனைச் சூழ்ந்த அதே ஹொக்கியேன் மண்ணில்தான் உள்ளன.

1281ஆம் ஆண்டுச் சித்திரையில் சம்பந்தப் பெருமாள் கோயில் எடுத்தபோது, அது என்றென்றும் நிலைக்கும் என்றே நம்பியிருப்பார். ஒரு நூற்றாண்டுக்குள் அக்கோயில் வீழ்ந்தது. கல்லும் பொருளும் அரசாணையும் இருந்தும் காக்க இயலாததை, ஒரு சிற்றூரின் அன்றாட ஊதுவத்தி காத்து நிற்கிறது. திருப்பணிக்கும் குடமுழுக்குக்கும் வாரி வழங்கும் ஆலயப் புரவலர்கள், நாள்தோறும் வந்து வணங்கும் அடியாரையும் அண்டை வீட்டாரின் நட்பையும் அதே அக்கறையோடு பேணுதல் வேண்டும். கோபுரம் உயர்வது ஒரு தலைமுறையின் கொடை. விளக்கு அணையாதிருப்பது பல தலைமுறைகளின் அன்பு. செதியன் ஊரில் நான்கு கரங்களோடு புன்முறுவல் பூத்து அமர்ந்திருக்கும் அன்னை அதனையே உணர்த்துகிறாள்.