பேய் வராத திகில் கதை

திகில் கதை என்றதும் பாழடைந்த வீடும் புளியமரமும் நம் நினைவுக்கு வரும். பேயே வராமல் குலைநடுங்கச் செய்யும் புதினமும் ஒன்று உண்டு. தேவிகுளத்து மலைகளுக்கு அப்பால், ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் நிகழ்வது அக்கதை.

அங்கே மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’ அது. இரா. முருகவேள் அதனை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். 2013-இல் வந்த ‘பரதேசி’ படத்திற்கும் அதுவே வித்து.

திருநெல்வேலிச் சீமையின் கருப்பனும் வள்ளியும் முன்பணத்தை நம்பி மலையேறுகிறார்கள். கடன் தீராமல் இறங்க வழியில்லை. காய்ச்சலோ ஆட்களை வாரிக்கொண்டு போகிறது.

பேய்க்கு அஞ்சும் பிள்ளை தாயின் முந்தானைக்குள் ஒளியும். அந்தத் தாயே துரைக்கு அஞ்சி நடுங்கினால் பிள்ளை எங்கே ஒளியும்? காப்பவர் கையற்று நிற்கக் காண்பதே பிள்ளைப் பருவத்தின் ஆறாத புண். ஒருவரை விட்டு ஒருவர் தப்பியோட விடாததும் பாசம். அங்கே அவர்களைத் தாங்கி நின்றதும் அதே பாசம்!

லயங்களில் பிறந்து கல்லூரிக்கு வந்த நண்பர்களே, பாட்டி சொன்ன மலைக்கதைகளை நினைத்துப் பாருங்கள்: அவற்றில் பேய் எது, துரை எது?