கடல் தேய்த்த கல்

"கடல் எங்கே இருக்கு, ஜீயபுரம் எங்கே இருக்கு?" கடல் கண்ணாடியில் நகை செய்கிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்பது இதைத்தான். முக்கொம்புக்குப் பக்கத்தில், காவிரிக் கரையோரம் இருக்கிற ஊர் எங்களுடையது. கடலைப் பார்க்க வேண்டுமானால் தஞ்சாவூர், மயிலாடுதுறை எல்லாம் தாண்டிப் போகவேண்டும். ஆனால் இந்த வேலையில் கடற்கரைக்குப் போய்ப் பொறுக்கி வருவது சிறு பங்குதான். மீதி முழுவதும் கல்லைப் பார்க்கத் தெரிந்த கண்ணும் கல்லைப் பிடிக்கத் தெரிந்த விரலும் செய்கிற வேலை. அந்தக் கண்ணுக்கும் விரலுக்கும் எங்கள் பக்கத்தில் பஞ்சமே இல்லை.

வெளியூர்க்காரர்களுக்குத் திருச்சி என்றால் மலைக்கோட்டையும் ஸ்ரீரங்கமும். நகைத் தொழிலில் இருப்பவர்களுக்குத் திருச்சி என்றால் செயற்கை வைரம். மூக்குத்தியிலும் தோட்டிலும் பதிக்கிற வெள்ளைக் கல்லைப் பட்டை தீட்டுவது திருச்சியிலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் வீட்டோடு வீடாக நடந்த குடிசைத் தொழில். பிரெஞ்சு அறிவியலாளர் வெர்னாய் 1902-இல் தீச்சுடரில் மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்ட பிறகு செயற்கைக் கல் உலகமெங்கும் மலிவாயிற்று. 1976 வாக்கில் கியூபிக் சிர்கோனியா சந்தைக்கு வந்தது. நம் கடைகளில் அதன் பெயர் அமெரிக்கன் டைமண்ட். என் அப்பா தேய்த்தது இந்தக் கல்லைத்தான். குச்சி நுனியில் அரக்கை இளக்கிக் கல்லை ஒட்டி, சுழலும் சாணையில் வைத்து ஒவ்வொரு பட்டையாக எடுப்பார். அவ்வளவு சிறிய கல்லில் 57 பட்டை. ஒரு பட்டை சாய்ந்துவிட்டால், "கல்லு செத்துப்போச்சும்மா" என்பார். சீனாவிலிருந்து இயந்திரத்தில் தீட்டிய கல் மலிவாக வந்து குவிந்த பிறகு பட்டறைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

அந்தச் சாணைக்கு முன்னால் வளர்ந்தவள் என்பதால்தான் கடல் கண்ணாடி விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அதைத் தேய்க்கக் கூடாது, பட்டை எடுக்கக் கூடாது, மெருகு போடக் கூடாது. தேய்க்க வேண்டியதைக் கடல் தேய்த்து முடித்துவிட்டது. இனி வெள்ளிதான் கல்லுக்கு வளைந்து கொடுக்க வேண்டும்.

உடைந்த புட்டி கல்லாவது எப்படி?

கடல் கண்ணாடி வேறொன்றுமில்லை, உடைந்த புட்டிதான். சோடா புட்டி, மருந்துப் புட்டி, பீர் புட்டி, ஊறுகாய் ஜாடி, அரிக்கேன் விளக்குச் சிம்னி, கண்ணாடி வளையல் என எது கடலில் விழுந்தாலும் அதற்கு இரண்டு விதமாக வேலை நடக்கிறது. ஒன்று உராய்வு. கடற்கரை மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7, கண்ணாடி ஏறக்குறைய 5.5. அலை புரட்டுகிற ஒவ்வொரு தடவையும் மணலும் கூழாங்கல்லும் கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்துக் கூர்மையை மழுக்குகின்றன. இன்னொன்று ரசாயன வேலை. புட்டிக் கண்ணாடி என்பது மணலோடு சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்து உருக்கியது. மேற்பரப்பில் இருக்கும் அந்தச் சோடாவையும் சுண்ணாம்பையும் உப்புநீர் மெல்ல மெல்லக் கரைத்தெடுக்க, அங்கே நுண்ணிய குழிகள் விழுகின்றன. பனி மூடினாற்போன்ற மங்கல் அதனால்தான் வருகிறது. நன்றாக முற்றிய துண்டு கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆகும்.

அப்பாவின் லென்ஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் வைத்துப் பார்த்தால் துண்டின் மேலெல்லாம் குட்டிக் குட்டிப் பிறைகள் தெரியும். ஒவ்வொரு பிறையும் எங்கோ ஒரு கல் இடித்த தடம். ஓரிடத்தில் நெருக்கமாக இருக்கும், ஓரிடத்தில் ஒன்றுகூட இருக்காது. அமிலத்தில் முக்கியோ, இயந்திர உருளையில் கரகரப் பொடியோடு போட்டு உருட்டியோ செய்யும் போலித் துண்டு இப்படி இருக்காது. அதன் மங்கல் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்கும். கடல் கண்ணாடி என்று சொல்லி யாராவது விற்றால் முதலில் லென்ஸை எடுங்கள்.

காவிரியிலேயே இது கிடைக்காதா என்றும் கேட்கிறார்கள். ஆற்று மணலிலும் கண்ணாடித் துண்டு கிடைக்கும், ஓரமும் மழுங்கியிருக்கும். ஆனால் ஆறு ஒரே திசையில் தள்ளிக்கொண்டு போகிறது, அதுவும் தண்ணீர் ஓடுகிற மாதங்களில் மட்டும். கடல் அப்படியல்ல, ஒரே துண்டை இரவும் பகலும் முன்னும் பின்னுமாகப் புரட்டுகிறது. உப்பின் வேலையும் ஆற்றில் கிடையாது. அதனால் ஆற்றுக் கண்ணாடி பளபளப்புப் போகாமலேயே இருக்கும்.

எங்கே, எப்போது?

உலகத்தில் இதற்குப் பேர்போன இடங்கள் உண்டு. இங்கிலாந்தின் சீஹம் ஊரில் 1850-களிலிருந்து 1921 வரை நடந்த புட்டித் தொழிற்சாலை மிஞ்சிய கண்ணாடியைக் கடலில் கொட்டியது. இரண்டு மூன்று நிறம் ஒட்டிய துண்டுகள் அங்கே இன்றும் ஒதுங்குகின்றன. கலிபோர்னியாவின் ஃபோர்ட் பிராக் ஊர் 1967 வரை குப்பையைக் கடலோரத்தில்தான் கொட்டியது. இன்று அது கண்ணாடிக் கடற்கரை என்று சுற்றுலாப் பயணிகள் கூடும் இடம். அந்தக் கரை பூங்காவுக்குள் வந்துவிட்டதால் அங்கே துண்டு எடுக்கத் தடை.

நம் கிழக்குக் கரை பெரும்பாலும் மணற்கரை என்பதால் கண்ணாடி மணலுக்குள் புதைந்துவிடும். பாறாங்கல் கொட்டிய இடமும் தூண்டில் வளைவுப் பக்கமும்தான் தேட ஏற்ற இடங்கள். நான் அதிகம் போவது தரங்கம்பாடி, பூம்புகார் பக்கம். ஐப்பசி, கார்த்திகைப் புயல்கள் மணலை வாரிக்கொண்டு போனபின், மார்கழியிலும் தையிலும் அடியிலிருந்த கல்லும் கண்ணாடியும் வெளியே வரும். கடல் வற்றமாக இருக்கும் காலை நேரத்தில் சூரியனை எதிரே வைத்துக்கொண்டு நடந்தால் துண்டுகள் தாமே ஒளிரும். கூர் மழுங்காத சில்லும் நிறையக் கிடைக்கும். அதையும் தனிப் பையில் பொறுக்கிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுவேன். செருப்பில்லாமல் வலை இழுக்கிற கரை அது.

ஒன்றை மட்டும் எடுக்க மாட்டேன். பழைய மணி, நாணயம், முத்திரையோடு இருக்கும் பழம்புட்டியின் அடிப்பாகம் போன்றவை கண்ணில் பட்டால் அவற்றின் இடம் அருங்காட்சியகம். தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டென்மார்க்காரர்கள் வசமிருந்த ஊர், பூம்புகார் சோழர் துறைமுகம். 1972-ஆம் ஆண்டுச் சட்டம் நூறாண்டு கடந்த பொருள்களைத் தொல்பொருளாக மதிக்கிறது. புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டை 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். அங்கே கண்ணாடியை உருக்கிக் குழலாக இழுத்து, நறுக்கி, கடுகு போன்ற மணிகள் செய்திருக்கிறார்கள். அந்த வகை மணிகள் கடல் கடந்து தென்கிழக்காசியா வரை போயின. கண்ணாடியை நகையாக்குவது இந்தக் கரைக்குப் புதிய வேலையே அல்ல. அந்தச் சான்று ஒவ்வொன்றும் கிடைத்த இடத்தோடு சேர்ந்தால்தான் வரலாறு.

நிறமும் வளையலும்

மணலில் இயல்பாகவே இருக்கும் இரும்பு கண்ணாடிக்குப் பச்சை சாயல் தருகிறது. இரும்போடு கந்தகமும் கரியும் சேர்ந்தால் தேன் நிறம், பீர் புட்டியின் நிறம். கோபால்ட் சேர்த்தால் ஆழ்ந்த நீலம், அது பெரும்பாலும் மருந்துப் புட்டி. வெள்ளை, பச்சை, தேன் நிறம் மூன்றும் எங்கும் கிடைக்கும், நீலம் குறைவு. எனக்குப் பிடித்தது கோலி சோடா புட்டியின் வெளிர்பச்சை. ஆங்கிலேயர் ஹைரம் காட் 1870-களில் காப்புரிமை பெற்ற அந்தப் புட்டி வாயுவின் அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருந்ததால் சுவர் தடிமனாக இருக்கும். தடிமன் இருந்தால்தான் கடல் எவ்வளவு தேய்த்தாலும் நகைக்கு மிச்சம் இருக்கும்.

மேல்நாட்டில் சிவப்புத் துண்டு கிடைத்தால் திருவிழாக் கொண்டாடுகிறார்கள், அவ்வளவு அரிது. நம் கரையில் சிவப்பு, மஞ்சள், கிளிப்பச்சை எல்லாம் எனக்குக் கிடைக்கிறது. காரணம் வளையல். பங்குனியில் ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் ஜீயபுரத்துக்கு எழுந்தருளுகிற நாளில் எங்கள் ஊரில் வளையல் வாங்காத பெண்ணைப் பார்க்க முடியாது. வளைகாப்பென்றால் கை நிறைய வளையல். உடைந்ததில் எவ்வளவோ ஆற்றிலும் கடலிலும்தான் சேருகிறது. அலை தேய்த்த வளையல் துண்டு இரு முனையும் மழுங்கிய சிறு வில்லாக வரும். அதன் வளைவை மாற்றாமல் இரண்டு முனையிலும் வெள்ளித் தொப்பி போட்டு மாலையில் கோத்தால் கழுத்தின் வளைவோடு அப்படியே படிகிறது. இது நம் கரைக்கே உரிய துண்டு என்பதால் இதில் செய்யும் நகையில் எனக்குத் தனி ஆசை.

ஒரு துண்டு நகையாகும் விதம்

இப்போது மேசையில் இருப்பது கோலி சோடா புட்டியின் தோள்பட்டைத் துண்டு. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு பக்கம் குழிவு, ஒரு பக்கம் புடைப்பு. முதலில் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டேன். பிறகு சோப்புத் தண்ணீரில் மெல்லிய பிரஷ், அவ்வளவுதான்.

அடுத்தது, இது எப்படித் தொங்க விரும்புகிறது என்று பார்ப்பது. அப்பாவைப்போல் அரக்கைச் சூடாக்கி ஒட்டினால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். அதனால் துளி தேன்மெழுகில் நூலை ஒட்டித் தொங்கவிடுகிறேன். தலை சாய்ந்தால் மெழுகை ஒரு நெல் தள்ளி ஒட்டுகிறேன். துண்டு தானாக நேரே நிற்கும் இடத்தில் பென்சில் புள்ளி. துளை அங்கேதான், அழகாக இருக்கும் என்று நாம் நினைக்கிற இடத்தில் அல்ல.

துளையிடுவது தண்ணீருக்குள். ஆழமில்லாத தட்டில் துண்டு மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, அடியில் ரப்பர் வைத்து, வைரப்பொடி பூசிய 1 மில்லிமீட்டர் ஊசியை முதலில் சாய்த்து வைத்து ஒரு பள்ளம் பிடித்துக்கொண்டு பிறகு நிமிர்த்த வேண்டும். தண்ணீர் சூட்டைத் தணிக்கிறது, கண்ணாடித் தூள் மூச்சில் ஏறாமலும் தடுக்கிறது. பாதி ஆழம் வந்ததும் துண்டைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து துளைத்தால் ஓரம் சிதறாது. பாட்டரியில் ஓடும் கருவிதான் வேண்டும். நேர் மின்சாரத்தில் ஓடுவதைத் தண்ணீருக்கு அருகிலேயே கொண்டுபோகக் கூடாது.

துளைக்க மனமில்லாத துண்டைக் கம்பியால் கட்டுவேன். 92.5 வெள்ளியில் சட்டத்துக்கு 20 கேஜ், சுற்றிக் கட்ட 26 கேஜ். பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கிற வேலை எதுவானாலும் கல் ஏறுமுன் முடிந்துவிட வேண்டும். நெருப்பும் கடல் கண்ணாடியும் ஒன்றாக இருக்க முடியாது.

நம் கல் நகை மரபிலிருந்து இது முழுக்க விலகும் இடம் ஒன்று உண்டு. நாகர்கோவில் வடசேரிக் கோயில் நகையில் கெம்புக் கல்லுக்கு அடியில் தகடு வைத்து முதுகை மூடுவார்கள். தகட்டில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில்தான் கல் சுடர்விடும். அமெரிக்கன் டைமண்ட் பட்டைக்குள்ளேயே ஒளியை மடக்கித் திருப்பி அனுப்பும். கடல் கண்ணாடி இந்த இரண்டு மாதிரியும் இல்லை. பின்னாலிருந்து வருகிற வெளிச்சத்தை உள்ளே வாங்கி மெதுவாகப் பரப்புகிறது. முதுகை மூடினால் நிறம் அணைந்துபோகும். ஆகவே பின்பக்கம் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். வாங்கும்போது நகையைத் திருப்பிப் பாருங்கள். மூடியிருந்தால் செய்தவருக்கு இந்தக் கல் இன்னும் பிடிபடவில்லை.

தோடு செய்வதில்தான் நிதானம் வேண்டும். ஒரே உருவில் இரண்டு துண்டு கிடைக்காது. எடையும் நிறமும் பொருந்தினால் போதும். காது மாறுபட்ட எடையைத்தான் உணரும், கண் உருவ வேறுபாட்டை ஏற்றுக்கொள்ளும். ஒரே அளவில் எடுத்தால் சிர்கோனியாவின் எடையில் பாதிகூடக் கண்ணாடி இராது. பெரிய துண்டானாலும் காது இழுக்காது.

போட்டுக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தலை எண்ணெயும் வியர்வையும் பட்டால் மங்கல் மறைந்து கண்ணாடி பளிச்சென்று தெரியும். கெட்டுப்போயிற்று என்று பயப்பட வேண்டாம். சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்தால் பழையபடி பனி படரும். வைரக்கல், சிர்கோனியாவோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள், அவை கீறிவிடும்.

ஓய்ந்த பட்டறைகளுக்கு

கல் தேய்த்துப் பழகிய பெண்கள் சிலர் இப்போது என்னோடு உட்காருகிறார்கள். துளை போடுவதிலும் லென்ஸ் பார்ப்பதிலும் நான் சொல்லித்தர எதுவும் இல்லை. ஒரு ஓரத்தில் மேடு இருந்தால் அவர்கள் கை தானாகச் சாணைக்குப் போகும். "அந்த மேடு இருக்கட்டும்க்கா" என்று சொல்வது மட்டும்தான் என் வேலை. சில வாரத்தில் அந்த மேட்டிலேயே கம்பியை மாட்ட இடம் கண்டுபிடித்து அவர்களே எனக்குக் காட்டுகிறார்கள்.

இதற்குப் பெரிய முதல் வேண்டாம். ஒரு லென்ஸ், ஒரு சிறு துளைக்கருவி, சில வைர ஊசி, கொஞ்சம் வெள்ளிக் கம்பி. கல்லைப் படிக்கத் தெரிந்த கண் பல ஆண்டு உழைப்பில்தான் வரும், அது எங்கள் பக்கத்து வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. இயந்திரம் ஒரே நாளில் ஆயிரம் கல்லை ஒரே அச்சில் தீட்டலாம். ஒன்றுக்கொன்று ஒவ்வாத துண்டுகளைத் தனித்தனியாகப் பார்த்து, அதனதன் போக்கில் கம்பி வளைக்க அதனால் முடியாது. இயந்திரத்தால் வேலை இழந்த எங்கள் கல் தொழிலாளிகள் இயந்திரத்தோடு போட்டியே போட வேண்டாத வேலை இது. அவர்களை நம்பி இதைக் கொடுங்கள் என்று நகைக் கடைக்காரர்களையும், அவர்கள் செய்ததைக் கேட்டு வாங்குங்கள் என்று உங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.