கென்னி வாஷிங்டனிடமிருந்து பறித்த ஆறு ஆண்டுகள்

அமெரிக்க விளையாட்டில் கறுப்பினத்தவரை ஒதுக்கிவைத்த நிறச்சுவரை உடைத்தவர் யார் என்றால், பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் என்பார்கள். அது 1947இல் நடந்தது. அதற்கு ஓராண்டு முன்பே, ராபின்சனோடு ஒரே கல்லூரி அணியில் ஆடிய கென்னி வாஷிங்டன் அமெரிக்கக் கால்பந்தில் அதைச் செய்துவிட்டார். கபடி பயிற்றுநராக இருந்தவன் நான். ஆட்டக்காரனுக்கு முழங்கால் உறுதியாக இருக்கும் வயது எவ்வளவு குறுகியது என்று பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவர் கதை என்னை விடுவதில்லை.

அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடலாம், முன்னால் இருப்பவருக்கு எறியலாம். நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். எதிரணியினர் மேலே பாய்ந்து ஆளைச் சாய்ப்பார்கள். வாஷிங்டன் ஓடவும் செய்வார், எறியவும் செய்வார், எதிரணியின் முறை வந்தால் தடுக்கவும் நிற்பார். 1939இல் கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. அணிக்காக 600 நிமிட ஆட்டத்தில் 580 நிமிடம் களத்திலேயே இருந்தார். கல்லூரி வீரர்களில் அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக கெஜம் சேர்த்தவரும் அவர்தான்.

இப்படி ஒருவரைத் தொழில்முறை அணிகள் போட்டி போட்டு அழைத்திருக்க வேண்டும். ஆனால் என்.எஃப்.எல். லீகில் 1933க்குப் பிறகு ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. எழுதிய விதி எதுவும் கிடையாது. உரிமையாளர்கள் ஒருவரும் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். 1940 கோடையில் சிகாகோவில் நடந்த கல்லூரி நட்சத்திரங்கள் ஆட்டத்துக்குப் பின், சிகாகோ பேர்ஸ் அணியின் ஜார்ஜ் ஹாலஸ் அவரை ஊரிலேயே தங்கச் சொன்னார். மற்ற உரிமையாளர்களிடம் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். இளைஞர் காத்திருந்தார். முடியாது என்று பதில் வந்தது.

லாஸ் ஏஞ்சலிஸுக்குத் திரும்பி, ஹாலிவுட் பேர்ஸ் என்ற சிறிய லீக் அணியில் ஆடினார். முழங்கால்கள் அங்கேதான் தேய்ந்தன. போர் வந்து என்.எஃப்.எல். வீரர்கள் ராணுவத்துக்குப் போனார்கள். ஆள் போதாமல் 1943இல் பிட்ஸ்பர்க், ஃபிலடெல்ஃபியா அணிகள் ஒன்றாகவே சேர்ந்து ஆடின. அப்போதும் வாஷிங்டனைக் கூப்பிடவில்லை. இதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

கதவைத் திறக்க வைத்தது ஓர் அரங்கம். 1946இல் என்.எஃப்.எல். அணியான ராம்ஸ் கிளீவ்லாந்திலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு இடம்பெயர்ந்து, கொலிசியம் அரங்கைக் கேட்டது. அது பொதுச் சொத்து. ஹாலி ஹார்டிங் போன்ற கறுப்பினப் பத்திரிகையாளர்கள் அரங்க நிர்வாகக் கூட்டத்துக்கே போய், கறுப்பினத்தவரை ஒதுக்கும் அணிக்கு மக்கள் பணத்தில் கட்டிய அரங்கை எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். அதே ஆண்டு மார்ச் 21 அன்று ராம்ஸ் வாஷிங்டனை ஒப்பந்தம் செய்தது. பிறகு அவருடைய கல்லூரித் தோழர் வுடி ஸ்ட்ரோடும் சேர்ந்தார்.

அப்போது வாஷிங்டனுக்கு வயது 27. முழங்காலில் பல அறுவைச் சிகிச்சைகள் முடிந்திருந்தன. அந்தக் காலோடு 1947இல் ஒரே ஓட்டத்தில் 92 கெஜம் கடந்தார்! அந்த சீசனில் பந்தோடு ஓடிய ஒவ்வொரு முறையும் சராசரி 7.4 கெஜம், லீகிலேயே அதுதான் முதலிடம்.

1948 சீசனோடு ஓய்வுபெற்றார், 1971இல் காலமானார். கேன்டன் நகரின் தொழில்முறைக் கால்பந்துப் புகழரங்கில் அவருக்கு இதுவரை இடமில்லை. மூன்றே சீசன் ஆடினார் என்பது தடை என்றால், மிச்ச ஆறு சீசனை அவரிடமிருந்து எடுத்துக்கொண்ட லீகுதான் அதற்குப் பொறுப்பு. அந்த ஆறையும் அவர் கணக்கில் சேர்த்தே பார்க்க வேண்டும்.