வாசல் என்றொரு குடும்பப் பெயர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி.)

பெயருக்கு முன் தந்தையின் முதலெழுத்து. அதற்குமேல் நமக்கு வழக்கமில்லை. சென்ற ஆண்டு கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தைக் கண்டு திகைத்தேன். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டரான என் தந்தையோ, "என்ர பேரையே எழுது கண்ணு" என்றார். அன்று எழுந்த வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

பிரான்சு நாட்டில் குடும்பப் பெயர்கள் இடைக்காலத்தில் தோன்றின. ஒரே பெயர் கொண்டோர் பெருகவே, தொழில், வசிப்பிடம், உருவம் ஆகியவற்றால் மக்களைப் பிரித்தறிந்தனர். 'லெஃபேவ்ர்' என்றால் கொல்லர். 'துபோன்' என்றால் பாலத்தருகே வாழ்பவர். 'லப்போர்த்' என்றால் வாயிலருகே வாழ்பவர். 1539இல் முதலாம் பிரான்சுவா மன்னர் ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கட்டாயமாக்கினார். பிறப்புப் பதிவில் உள்ள பெயரையன்றி வேறு பெயர் தாங்கலாகாது என்று 1794இல் சட்டம் பிறந்தது.

இந்த லப்போர்த் என்ற பெயரைப் புதுச்சேரியில் ஒரு தமிழர் தாமே விரும்பிச் சூட்டிக்கொண்டார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. ஐரோப்பிய முறையில் காலணி அணிந்து நீதிமன்றம் சென்றதற்காக 1873இல் அவர் தடுக்கப்பட்டார். அவரோ பாரிசு உயர் நீதிமன்றம்வரை முறையிட்டு வென்றார்!

பின்னர் 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஓர் ஆணை வெளியாயிற்று. பிரெஞ்சிந்தியர் எவரும், சாதி மத வேறுபாடின்றி, தம் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்கலாம். ஏற்றபின் மாற இயலாது. ஏற்போர் ஒரு குடும்பப் பெயரைத் தெரிந்தெடுக்க வேண்டும். பொன்னுத்தம்பி 'லப்போர்த்' ஆனார். வாசல் என்பதே அச்சொல்லின் பொருள். சாதியால் ஒடுக்கப்பட்டோர் பலர் அவ்வாசலில் நுழைந்தனர். சிலர் சைகோன் சென்று அரசுப் பணிகளில் அமர்ந்தனர்.

ஆயினும் கதவு முழுதும் திறந்துவிடவில்லை. 1884இல் வாக்காளர் பட்டியல் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது, இவர்கள் ஐரோப்பியரோடு சேர்க்கப்படாமல் தனிப் பட்டியலில் வைக்கப்பட்டனர். பெயர் மாறினும் பார்வை மாறவில்லை.

ஒருவரின் சாதியைக் காட்டவும் பெயர் உதவும், மறைக்கவும் உதவும். முதலெழுத்து மட்டும் எழுதும் நம் வழக்கம், சாதியைப் பெயரிலிருந்து உதிர்த்துவிட்ட நல்வழக்கம் என்பதை இதை எழுதும்போதுதான் உணர்ந்தேன்.

அந்தக் கட்டத்தில் தந்தையின் பெயரையே எழுதினேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவர், கடவுச்சீட்டு வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒற்றை எழுத்தாக அல்லாமல் முழுதாக அச்சேறியிருந்த தம் பெயரை இருமுறை படித்தார். எங்கள் வீட்டின் வாசல் அதுவே.