மூட்டில் தேய்வது எது?



முழங்கால் வலியால் ஸஜ்தாவுக்குப் போகவும் எழவும் சிரமப்படும் பெரியவர்கள் நம் மஹல்லாவில் பலர் இருக்கிறார்கள். “மூட்டு தேய்ந்துவிட்டது” என்கிறார் மருத்துவர். முதலில் தேய்வது எலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புதான்.

குருத்தெலும்பில் பெரும்பகுதி நீர். கொலாஜன் என்னும் நார்கள் வலைபோல் பின்னி, பசை போன்ற ஒரு பொருளுடன் சேர்ந்து அந்த நீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. இடையிடையே உயிரணுக்கள் இருக்கும்.

அல்லாஹ் நம் உடலில் இதை மூன்று வகையாக அமைத்திருக்கிறான்.

1. வழவழப்பான வகை: மூட்டுகளில் எலும்பு முனைகள், மூக்கு, மூச்சுக்குழாய், விலா எலும்பின் முன்முனை ஆகியவற்றில் உள்ளது. மூட்டு உரசாமல் வழுக்கிச் செல்ல இதுவே காரணம்.

2. வளையும் வகை: காது மடலை மடக்கி விட்டுப் பாருங்கள், பழையபடி நிமிர்ந்துகொள்ளும். உணவு மூச்சுக்குழாய்க்குள் போகாமல் தடுக்கும் மூடியும் இந்த வகையே.

3. நார் மிகுந்த வகை: முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க், முழங்காலுக்குள் இருக்கும் பிறை வடிவத் தட்டுகள். பாரத்தைத் தாங்குபவை இவை.

மூட்டிலுள்ள குருத்தெலும்பில் நரம்பு இல்லை. அதனால் அது தேயத் தொடங்கும்போது நமக்குத் தெரிவதில்லை. இரத்தக் குழாயும் இல்லை. அதனால் தேய்ந்த இடம் எளிதில் வளர்வதில்லை. மூட்டை மடக்கி நீட்டும்போது சுற்றியுள்ள திரவம் உள்ளே ஊறித்தான் அதற்குச் சத்து கிடைக்கிறது. வலிக்குப் பயந்து அசையாமலே இருந்தால் மூட்டு மேலும் இறுகும்.

ஆகவே இயன்ற அளவு நடங்கள். நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டி, ஐந்து விநாடி நிறுத்தி இறக்குங்கள். தொடைத் தசை வலுப்பட்டால் மூட்டின் சுமை குறையும். உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் ஏறும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது.

மருத்துவரைக் கேட்காமல் வலி மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்காதீர்கள். வயிறும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். மூட்டு வீங்கிச் சிவந்தாலோ, காய்ச்சலுடன் வலித்தாலோ, மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

நிற்க இயலாதவர் அமர்ந்து தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் நிலைக்கு ஏற்ற முறையை இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள பிள்ளைகளும், வாப்பாவும் உம்மாவும் வலியை மறைக்கிறார்களா என்று கொஞ்சம் கவனியுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.