பேனல் பெட்டிக்கு நான்கு போல்ட்

சங்கரன்கோவில், புளியங்குடிப் பக்கத்து விசைத்தறிக் கூடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு அதிர்வைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தறி ஓட ஓட எந்த நட்டு தளரும், எந்தத் திருகாணி கழன்று விழும் என்பது அவர்கள் கைக்கே தெரியும். ஆனால் சுவரோரம் ஆளுயரத்துக்கு நிற்கும் மின் பேனல் பெட்டியின் அடியைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. தரையோடு எந்தப் பிணைப்பும் இல்லாமல் நிற்கிற பெட்டிகள் உண்டு. ‘இத்தனை கனம், எங்கே போய்விடப் போகிறது’ என்ற நம்பிக்கைதான் காரணம்.

நிலநடுக்கத்தின் முன் அந்த நம்பிக்கை எடுபடாது. 2 மீட்டர் உயரமும் 60 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள பெட்டியை எடுத்துக்கொள்வோம். எடை சீராகப் பரவியிருப்பதாக வைத்துக்கொண்டால், தரை ஆடும்போது பக்கவாட்டு விசை பெட்டியின் எடையில் பத்தில் மூன்று பங்கைத் தாண்டியதுமே ஒரு பக்க விளிம்பு மேலே எழும்பத் தொடங்கும். கனம் கூடினால் தள்ளும் விசையும் அதே அளவு கூடும் என்பதால் கனத்தால் ஒரு லாபமும் இல்லை. சாய்வதா நிற்பதா என்பதை ஆழத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதமே முடிவு செய்கிறது.

அதே பெட்டியின் எடை 400 கிலோ, பக்கவாட்டு விசை எடையில் பாதி என்று வையுங்கள். அதைப் பிடித்து நிறுத்த, தூக்கிக்கொள்ளும் பக்கத்து இரண்டு போல்ட்டுகளும் தலைக்குச் சுமார் 80 கிலோ இழுவையைத் தாங்கினால் போதும். நல்ல கான்கிரீட்டில் முறையாக இறக்கிய 12 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட்டுக்கு அது பெரிய சுமையே அல்ல. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. போல்ட் நிற்கும், அதைச் சுற்றியுள்ள மெல்லிய தகடு வளைந்து கிழியும். அதனால்தான் பெட்டிக்கு அடியில் இரும்புச் சேனல் சட்டம் வைத்து, அந்தச் சட்டத்தைத் தரையோடு முடுக்கச் சொல்கிறார்கள். கதவுக்கு நடுவில் ஒரே கொண்டி போதாது. மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் பிடிக்க வேண்டும். அடுத்தடுத்து நிற்கும் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க அவற்றையும் சேர்த்து முடுக்கிவிட வேண்டும். கனமான டிரான்ஸ்ஃபார்மரை மேல் தட்டில் வைக்கவே கூடாது.

பெட்டி விழாமல் நின்றாலே பிழைத்தது என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு பெட்டிக்கும் இயல்பாக ஆடும் ஒரு வேகம் உண்டு. மின் பேனல்களுக்கு அது பெரும்பாலும் நொடிக்கு 5 முதல் 15 முறை. நிலநடுக்கத்தின் வலுவான ஆட்டமும் ஏறக்குறைய இந்த எல்லையைத் தொடுவதால், இரண்டும் ஒத்துப்போனால் தரையில் சிறிதாக இருந்த ஆட்டம் பெட்டியின் உச்சியில் பல மடங்காகிவிடும். அங்கே பொருத்திய ரிலேயின் தொடுமுனைகள் படபடக்கும். 2 மில்லி நொடிக்கு மேல் தொடர்பு விட்டுப்போனாலே அந்த ரிலே தேறவில்லை என்பது அணுமின் நிலையச் சாதனச் சோதனைகளில் வழக்கமான அளவுகோல். ஒன்றுமே உடையாது, ஆனால் ஓட வேண்டிய பம்ப் நின்றுபோகும்.

இதை ஆட்டிப் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். பெங்களூரில் மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனத்தில் 3 மீட்டருக்கு 3 மீட்டர் அளவுள்ள அதிர்வு மேடை இருக்கிறது. சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்திலும் இத்தகைய மேடை உண்டு. அணுமின் நிலையப் பேனல் என்றால், மிதமான நடுக்கத்தை ஐந்து முறையும், அந்த இடத்துக்கு எதிர்பார்க்கும் மிகப் பெரிய நடுக்கத்தை ஒரு முறையும் அந்த ஒரே பெட்டி தாங்க வேண்டும். சாதனங்கள் இயங்கிக்கொண்டிருக்கும் நிலையிலேயே ஆட்டுவார்கள்.

2007 ஜூலை 16 அன்று ஜப்பானின் காஷிவசாகி-கரிவா அணுமின் நிலையத்தில் நிலநடுக்கத்தின்போது நடந்தது எல்லோரும் அறிய வேண்டியது. ஓடிக்கொண்டிருந்த உலைகள் தாமாகவே பாதுகாப்பாக நின்றன. ஆனால் மூன்றாம் அலகின் வெளியே இருந்த டிரான்ஸ்ஃபார்மர் தீப்பிடித்தது. டிரான்ஸ்ஃபார்மரின் அடித்தளம் உறுதியாக நிற்க, அதோடு இணைந்த மின்தடக் குழாயின் அடித்தளம் மட்டும் கீழே இறங்கிவிட்டது. இணைப்பு முறிந்தது, எண்ணெய் கசிந்தது, தீப்பொறி பற்றியது. தீயணைப்புக் குழாயும் உடைந்திருந்ததால் அணைக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது. தனித்தனியாக உறுதியாக இருந்தால் போதாது, ஒன்றையொன்று தொடும் இடத்தில் அசைய இடம் வேண்டும். பேனலுக்குள் நுழையும் கேபிளை இறுக்கி இழுக்காமல் ஒரு வளைவு விட்டு மாட்டச் சொல்வதும் இதற்குத்தான்.

நம் பக்கம் நிலம் ஆடாது என்று இருந்துவிட முடியாது. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூரை உலுக்கியது ரிக்டர் 6 அளவிலான நடுக்கம். 2000 டிசம்பர் 12 அன்று மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஈராட்டுபேட்டையில் 5 அளவில் ஆடியது. குஜராத்தைப் போன்ற ஆபத்து நமக்கு இல்லை என்பது உண்மை. அதனால் அணுமின் நிலையத்துக்கு உரிய சோதனையை எல்லாப் பெட்டிக்கும் நான் கேட்கவில்லை. ஆனால் மருத்துவமனையின் யுபிஎஸ் பேட்டரி அடுக்கு, குடிநீர் ஏற்றும் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பேனல், துணை மின்நிலையக் கட்டுப்பாட்டு அறை ஆகிய மூன்றையும் விட்டுவைக்கக் கூடாது. முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி அடுக்கு. பேட்டரிகளுக்குக் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி, அடுக்கின் கால்களுக்குப் போல்ட், மேலே சுவரோடு ஒரு பிடிமானம். வெல்டரும் எலக்ட்ரீஷியனும் சேர்ந்தால் ஒரு நாளில் முடியும் வேலை அது.